இரத்தக்கசிவும் இரத்த உறைவும்: தீவிரத்தை வகைப்படுத்தப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நோயாளியின் ஹீமோகுளோபின் 12.4 கிராம்/டெசிலிட்டரிலிருந்து 9.2-க்கு இறங்கியிருக்கிறது. மலம் கறுத்துப் போயிருக்கிறது. இரத்த அழுத்தம் சரியவில்லை. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றப்பட்டிருக்கிறது. இந்தக் கசிவு பெரியதா, சிறியதா? ஐ.எஸ்.டி.எச்., அதாவது இரத்த உறைவு குறித்த சர்வதேசச் சங்கத்தின் வரையறைப்படி இது பெரும் இரத்தக்கசிவு, டிமி அளவுகோலில் இதுவே சிறு இரத்தக்கசிவு, பார்க் அளவுகோலில் 3ஏ வகை, கஸ்டோ அளவுகோலில் நடுத்தரம். நான்கு விடைகளும் சரியானவையே. எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தோம் என்று எழுதாமல் “பெரும் கசிவு” என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால், அதைப் படிக்கும் அடுத்தவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவ ஆய்வுகளில் பாதக நிகழ்வுகளைப் பதிவு செய்பவர்கள் ஆகியோரில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: வகைப்படுத்துதல் என்பது சிகிச்சை தொடங்கிய பிறகு செய்யும் வேலை. இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதோ, நோயாளி மூச்சுக்குத் திணறும்போதோ செய்ய வேண்டியது மூத்த மருத்துவரை அழைப்பதும், சிரைவழி ஊசி போட்டு வைப்பதும், அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கவனிப்பதுமே. எந்த வகை என்று தீர்மானிக்கும் வரை எந்தச் சிகிச்சையும் காத்திருக்கக் கூடாது.

முதல் படி: மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்

நிகழ்வு எவ்வளவு தீவிரமானது என்பது ஒரு கேள்வி. அது ஒழுங்குமுறை நோக்கில் உடனடியாகத் தெரிவிக்க வேண்டிய பாதக நிகழ்வா என்பது இன்னொரு கேள்வி. அதற்குக் காரணம் மருந்தா, நோயா, அறுவை சிகிச்சையா என்பது மூன்றாவது. புதிதாக வருபவர்கள் இவற்றைக் கலந்துவிடுவதே பெரும்பாலான பிழைகளுக்கு வேராக இருக்கிறது. மூக்கில் இரத்தம் வடிந்த ஒருவருக்குப் பஞ்சடைத்து, ஓர் இரவு மருத்துவமனையில் சேர்த்து வைத்துக் கவனித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் இறங்கவில்லை, இரத்தமும் ஏற்றவில்லை. ஐ.எஸ்.டி.எச். கணக்கில் அது பெரும் கசிவு அன்று. ஆனால் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததால், ஆய்வு விதிகளின்படி உடனடியாகத் தெரிவிக்க வேண்டிய நிகழ்வாகிவிடுகிறது. உயிரிழப்பு, உயிருக்கு ஆபத்து, மருத்துவமனைச் சேர்க்கை அல்லது அதன் நீட்டிப்பு, நிலையான ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியவையும் மருத்துவ நோக்கில் முக்கியமான பிற நிகழ்வுகளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. கசிவின் அளவுக்கு அங்கே இடமில்லை.

இதே போல, வரப்போகும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்களையும் இதில் சேர்க்காதீர்கள். ஹாஸ்-பிளெட் மதிப்பெண் ஒருவருக்கு இனி இரத்தக்கசிவு வரும் வாய்ப்பை மதிப்பிடுவது; வெல்ஸ் மதிப்பெண் இரத்தக்கட்டி இருக்கக்கூடுமா என்று சந்தேகத்தை அளப்பது. நடந்து முடிந்த நிகழ்வு எவ்வளவு மோசமானது என்பதை இரண்டும் சொல்வதில்லை.

இரண்டாம் படி: அளவுகோலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஆய்வாக இருந்தால் அதன் நெறிமுறை ஆவணத்தில் அளவுகோலின் பெயர் இருக்கும். அதை மாற்றும் உரிமை நமக்கில்லை. துறையின் தரப் பரிசீலனைக்காகப் பதிவு செய்கிறீர்கள் என்றால், நோயாளிகளின் தன்மையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர்களிடம் இன்று பரவலாகப் பயன்படுவது ஐ.எஸ்.டி.எச். வகுத்த வரையறை. அறுவை சிகிச்சை செய்யாத நோயாளிகளுக்கு 2005-இலும், அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு 2010-இலும், பெரிதல்லாத ஆனால் பொருட்படுத்த வேண்டிய கசிவுகளுக்கு 2015-இலும் தனித்தனி வரையறைகள் வெளிவந்தன. இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரின் போன்ற தட்டணு எதிர்ப்பு மருந்துகள் எடுப்பவர்களிடம் 2011-இல் வந்த பார்க் அளவுகோல் பொருந்துகிறது. மாரடைப்புக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்த காலத்து ஆய்வுகளில் பிறந்தவை டிமியும் கஸ்டோவும். பழைய ஆய்வுகளைப் படிக்க அவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் சி.டி.சி.ஏ.இ. என்னும் ஐந்து தர அளவுகோல் வழக்கில் உள்ளது; அதன் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வெளிவந்தது. இரத்தப் புற்றுநோயில் தட்டணு குறைந்தவர்களுக்கு உலக சுகாதார அமைப்பின் நான்கு தர அளவுகோல் பெரும்பாலும் பயன்படுகிறது.

மூன்றாம் படி: அளவுகோலைத் திறக்கும் முன் உண்மைகளைத் திரட்டுங்கள்

என் கருத்தில் இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. வரையறையை முதலில் படித்துவிட்டுக் கேஸ் ஷீட்டுக்குப் போனால், கண் வரையறைக்கு ஏற்ற எண்களையே தேடும். எனவே முதலில் எண்கள், பிறகு வகை என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கசிவு எந்த இடத்தில், எப்போது தொடங்கியது. நிகழ்வுக்கு முந்தைய கடைசி ஹீமோகுளோபின் என்ன, அதன் தேதி என்ன. அதன் பின் பதிவான மிகக் குறைந்த அளவு என்ன, எந்த நேரத்தில். எத்தனை யூனிட் இரத்தம், எந்த நேரத்தில் ஏற்றப்பட்டது. அழுத்தமும் நாடியும் எப்படி இருந்தன. எண்டோஸ்கோப்பி, தையல், மறு அறுவை போன்ற ஏதேனும் செய்யப்பட்டதா. ஸ்கேன் என்ன சொல்கிறது. உறைவெதிர்ப்பு மருந்தின் கடைசி டோஸ் எப்போது கொடுக்கப்பட்டது. இவற்றை ஒரே பக்கத்தில், நேர வரிசையில் எழுதுங்கள்.

ஹீமோகுளோபின் கணக்கில் நான்கு இடங்களில் கால் இடறும். முதலாவது அலகு. ஐ.எஸ்.டி.எச். சொல்லும் வீழ்ச்சி 2 கிராம்/டெசிலிட்டர். சில ஆய்வகங்கள் கிராம்/லிட்டரில் அறிக்கை தருகின்றன, அங்கே அதுவே 20 ஆகிறது. மில்லிமோல்/லிட்டரில் தரும் ஆய்வகத்தில் 1.24. அறிக்கையின் அலகைப் பார்க்காமல் கழித்தல் போடாதீர்கள்.

இரண்டாவது, ஏற்றிய இரத்தம் வீழ்ச்சியை மறைத்துவிடும். ஒருவருக்கு 10.8 இருந்தது, இரத்தம் கறுத்து மலத்தில் போனது, இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றிய பிறகு பார்த்தபோது 9.8 இருந்தது. தாளில் தெரியும் வீழ்ச்சி 1 மட்டுமே. டிமியும் பார்க்கும் ஏற்றிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 கிராம்/டெசிலிட்டரைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் உண்மையான வீழ்ச்சி 3. மிகக் குறைந்த அளவு இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்றால் இந்தத் திருத்தம் தேவையில்லை. அதனால்தான் நேரத்தைக் குறிக்கச் சொல்கிறேன். தொடக்கத்தில் காட்டிய நோயாளியின் 9.2 ஏற்றுவதற்கு முன் எடுத்தது என்றே வைத்துக்கொண்டு 3.2 என்று கணக்கிட்டோம்.

மூன்றாவது, கடும் கசிவின் முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் இறங்காமல் இருக்கலாம். பிளாஸ்மாவும் அணுக்களும் ஒன்றாகவே வெளியேறுவதால் செறிவு அப்படியே இருக்கும். திசுக்களிலிருந்தோ சிரைவழியாகவோ நீர் சேரும்போதுதான் எண் இறங்கும். முதல் அறிக்கையை மட்டும் பார்த்து “வீழ்ச்சி இல்லை” என்று எழுதுவது ஆபத்தானது. நான்காவது இதற்கு நேர் எதிரானது: பல லிட்டர் சலைன் ஏறிய நோயாளிக்கு எந்தக் கசிவும் இல்லாமலேயே எண் இறங்கும். கண்ணால் கண்டோ ஸ்கேனில் கண்டோ கசிவு உறுதியாகாமல், வெறும் எண்ணை வைத்துக் கசிவு என்று பதிய வேண்டாம். ஆனால் இடுப்புவலியோடு எண் இறங்குகிற, உறைவெதிர்ப்பு மருந்து எடுக்கும் நோயாளியிடம் வயிற்று உறைக்குப் பின்புறம் கசிகிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்கப்பட்டதா எனக் கேட்பது நம் கடமை.

நான்காம் படி: இரத்தக்கசிவை மேலிருந்து கீழாகத் தரப்படுத்துங்கள்

மோசமான வகையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஐ.எஸ்.டி.எச். முறையில் முதலில், கசிவால் நோயாளி இறந்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், கசிவு முக்கிய இடத்தில் நிகழ்ந்து அறிகுறி தந்ததா என்று பாருங்கள்: மண்டையோட்டுக்குள், தண்டுவடக் குழாய்க்குள், கண்ணுக்குள், வயிற்று உறைக்குப் பின்புறம், மூட்டுக்குள், இதய உறைக்குள், அல்லது தசைக்குள் கசிந்து அந்த அறையின் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டத்தை நெரிக்கும் நிலை. இவற்றில் ஒன்றிருந்தால் அது பெரும் கசிவு. ஹீமோகுளோபின் ஒரு புள்ளிகூட இறங்காவிட்டாலும் அப்படித்தான். மூளைக்குள் கசிந்த சில மில்லிலிட்டர் இரத்தம் ஓர் உயிரையோ பேச்சையோ பறித்துவிடும். அளவைப் பார்த்து அதைச் சிறியது என்று குறிக்க யாருக்கும் மனம் வரக் கூடாது. இதுவும் இல்லையென்றால், 2 கிராம்/டெசிலிட்டர் அல்லது அதற்கு மேல் வீழ்ச்சியோ, இரண்டு யூனிட் அல்லது அதற்கு மேல் முழு இரத்தமோ சிவப்பணுவோ ஏற்றியதோ உண்டா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலே போதும்.

பெரும் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த வகைக்கு வரவேண்டும். மருத்துவப் பணியாளரின் தலையீடு தேவைப்பட்டதா, மருத்துவமனைச் சேர்க்கைக்கோ கூடுதல் கவனிப்புக்கோ வழிவகுத்ததா, நேருக்கு நேர் பரிசோதனைக்குக் காரணமானதா? இவற்றில் ஒன்று இருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய, பெரிதல்லாத கசிவு. ஈறில் இரத்தம் கசிகிறது என்று நோயாளி தொலைபேசியில் சொல்லி, “கவனித்துப் பாருங்கள்” என்ற பதிலோடு நின்றுவிட்டால் இந்த வகையில் சேராது. அதே நோயாளி அதற்காகவே நேரில் வந்து பரிசோதிக்கப்பட்டால் சேரும். எஞ்சியவை எல்லாம் சிறு கசிவுகள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கணக்கு மாறுகிறது. அறுத்த இடத்தில் ஓரளவு இரத்தம் போவது எதிர்பார்க்கப்பட்டதே. அதனால் அந்த இடத்துக் கசிவு மறு தலையீட்டைக் கோரினாலோ, எதிர்பாராத அளவில் நீடித்தோ இரத்த ஓட்டத்தைக் குலைத்தோ, கூடவே 2 கிராம் வீழ்ச்சியையோ இரண்டு யூனிட் தேவையையோ உண்டாக்கினாலோதான் பெரும் கசிவாகிறது. பொதுவரையறையை அப்படியே இங்கே போட்டால் பெரிய அறுவை சிகிச்சைகளில் பாதிப் பேர் பெரும் கசிவுக்காரர்களாகிவிடுவார்கள்.

பார்க் முறையில் 0 முதல் 5 வரை வகைகள் உள்ளன. 1 என்பது நோயாளி உதவி நாடாத, நடவடிக்கை வேண்டாத கசிவு. யாரையும் கேட்காமல் நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாலும் அது இங்கேயே வரும். ஆனால் அந்தத் தகவலைத் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் ஸ்டென்ட் வைத்தவர் மருந்தை நிறுத்துவது அடுத்த ஆபத்துக்கு வாசல். 2 என்பது பரிசோதனையோ சேர்க்கையோ சிகிச்சையோ தேவைப்பட்ட கசிவு. 3ஏ என்பது வெளிப்படையான கசிவுடன் ஹீமோகுளோபினில் 3 முதல் 5 கிராமுக்குள் வீழ்ச்சி, அல்லது எந்த அளவிலாவது இரத்தம் ஏற்றியது. 5 அல்லது அதற்கு மேல் வீழ்ச்சி, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி அமுக்குதல், கசிவை நிறுத்த அறுவை சிகிச்சை, அழுத்தத்தைத் தாங்க சிரைவழி மருந்து ஆகியவை 3பி. மண்டையோட்டுக்குள் கசிவும் பார்வையைக் கெடுக்கும் கண்கசிவும் 3சி. ஸ்கேனில் தென்படும் நுண்கசிவுகள் இதில் சேராது. 4 இதயப் பைபாஸ் அறுவைக்கென ஒதுக்கப்பட்டது. 5 உயிரிழப்பு.

ஐந்தாம் படி: இரத்த உறைவுக்கு வேறு கண்ணோட்டம் வேண்டும்

இரத்தக்கசிவில் இழந்த அளவைக் கணக்கிட்டோம். இரத்தக்கட்டியில் அதன் பருமனைவிட, அது எங்கே இருக்கிறது, உடலை என்ன செய்துவிட்டது என்பவையே தீவிரத்தைத் தீர்மானிக்கின்றன. நுரையீரல் தமனி அடைப்பில் இது மிகத் தெளிவாகத் தெரியும். இரு பக்கப் பெருந்தமனிகளிலும் கட்டி நிறைந்த சி.டி. படத்தைப் பார்த்ததும் “மிகப் பெரிய அடைப்பு” என்று எழுதத் தோன்றும். ஆனால் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலில் வகையைத் தீர்மானிப்பது இரத்த ஓட்டத்தின் நிலையே. இதய நிறுத்தம், மேல் (சிஸ்டாலிக்) அழுத்தம் 90-க்குக் கீழே விழுந்து, அல்லது அதை 90-இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை, அழுத்தம் 90-க்குக் கீழேயோ வழக்கத்தைவிட 40 குறைந்தோ, வேறு காரணமின்றி 15 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது. இவற்றில் ஒன்று இருந்தால் உயர் ஆபத்து வகை.

இவை எதுவும் இல்லாதவர்களுக்கு, நுரையீரல் அடைப்பின் தீவிரத்தை அளக்கும் சுருக்கப்பட்ட பெசி மதிப்பெண்ணைப் போடுங்கள்: வயது 80-ஐத் தாண்டியது, புற்றுநோய், நாள்பட்ட இதயச் செயலிழப்பு அல்லது நுரையீரல் நோய், நாடி 110 அல்லது மேல், மேல் அழுத்தம் 100-க்குக் கீழ், ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழ், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அத்துடன் எக்கோவிலோ சி.டி.யிலோ இதயத்தின் வலது கீழறை தளர்ந்திருக்கிறதா, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தத்தில் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் 1 அல்லது மேல் இருந்து இவை இரண்டும் இருந்தால் இடைநிலை-உயர் வகை. ஒன்று மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ இடைநிலை-தாழ் வகை. மதிப்பெண்ணும் சுழியம், இவையும் இல்லை என்றால் தாழ் ஆபத்து. மதிப்பெண் சுழியமாக இருந்தும் வலது கீழறைத் தளர்ச்சியோ ட்ரோபோனின் உயர்வோ தென்பட்டால் அவரைத் தாழ் வகையில் வைக்கக் கூடாது, இடைநிலைக்கு ஏற்ற வேண்டும்.

67 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாடி 116, அழுத்தம் 118/74, ஆக்சிஜன் 93 சதவீதம். புற்றுநோயோ பழைய இதய, நுரையீரல் நோயோ இல்லை. எக்கோவில் வலது கீழறை விரிந்து தளர்ந்திருக்கிறது, ட்ரோபோனின் உயர்ந்திருக்கிறது. நாடியால் ஒரு மதிப்பெண், இடைநிலை-உயர் வகை. மறுநாள் காலை அவரது மேல் அழுத்தம் 86-க்கு இறங்கி இருபது நிமிடம் அங்கேயே நின்றது. புதிய இதயத் துடிப்புக் கோளாறோ, நீரிழப்போ, கிருமித் தொற்றோ காரணமில்லை. அந்தக் கணத்திலிருந்து அவர் உயர் ஆபத்து வகை. முந்தைய வகையை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். சி.டி.சி.ஏ.இ. கணக்கில் இதே பெண் முதல் நாள் 3-ஆம் தரம், அதாவது அவசர சிகிச்சை வேண்டிய அடைப்பு. மறுநாள் இரத்த ஓட்டம் குலைந்து உயிருக்கு ஆபத்தானதால் 4-ஆம் தரம். அந்த அளவுகோலில் சிகிச்சை வேண்டாத மேலோட்டச் சிரை உறைவு 1-ஆம் தரம், அவசரமின்றி மருந்து கொடுக்க வேண்டியது 2-ஆம் தரம், உயிரிழப்பு 5-ஆம் தரம்.

காலின் ஆழ்சிரை உறைவில், முழங்காலுக்குப் பின்புறச் சிரையையோ அதற்கு மேலோ எட்டியதா, கெண்டைக்காலோடு நின்றதா என்று தவறாமல் எழுதுங்கள். மேலே எட்டியதே நுரையீரலுக்கு அதிகம் செல்வது. மேலோட்டச் சிரையில் உள்ள கட்டிகூட, தொடையில் ஆழ்சிரையோடு சேரும் சந்திக்கு 3 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் ஆழ்சிரை உறைவைப் போலவே நடத்தப்படுகிறது. கால் முழுவதும் வீங்கி நீலம் பாரித்துக் கடும் வலி எடுத்தால் அது அந்தக் காலையே இழக்கக்கூடிய நிலை.

தமனி அடைத்துக் கால் குளிர்ந்தால் ரதர்ஃபோர்டு வகைகளைப் பயன்படுத்துங்கள். உணர்வும் அசைவும் சரியாக இருந்தால் முதல் வகை. விரல்களில் மட்டும் உணர்வு குறைந்தால் இரண்டு-ஏ. விரல்களைத் தாண்டி உணர்வு குறைந்து தசையும் தளரத் தொடங்கினால் இரண்டு-பி. இரத்த ஓட்டத்தை உடனே மீட்டாலொழியக் கால் மிஞ்சாது. உணர்வும் அசைவும் முற்றிலும் போய், டாப்ளரில் தமனி, சிரை இரண்டின் ஒலியும் கேட்காவிட்டால் மூன்றாம் வகை. இரண்டு-ஏவுக்கும் இரண்டு-பிக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தீர்மானிப்பது கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனை. அதைச் செய்து எழுதாத குறிப்பை வைத்துப் பிற்பாடு யாராலும் வகைப்படுத்த முடியாது.

ஆறாம் படி: இரண்டும் ஒருவரிடமே வந்தால்

நுரையீரல் அடைப்புக்கு மருந்து கொடுக்கப்பட்டவருக்குக் குடலில் கசிந்தால் அவை இரண்டு நிகழ்வுகள். இரண்டையும் தனித்தனி அளவுகோலில் தரப்படுத்துங்கள். இரத்தநாளங்கள் எங்கும் உறைந்து, உறைபொருள்கள் தீர்ந்து, கசியவும் தொடங்கும் டி.ஐ.சி. நிலைக்கு ஐ.எஸ்.டி.எச். மதிப்பெண் உண்டு. தட்டணு மைக்ரோலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் 0, ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் நடுவில் 1, அதற்கும் கீழே 2; கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் போன்ற குறியீடு மிதமாக உயர்ந்தால் 2, மிகவும் உயர்ந்தால் 3; இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரம் 3 முதல் 6 வினாடி நீண்டால் 1, அதற்கு மேல் 2; உறைபொருளான ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே என்றால் 1. கூட்டுத்தொகை 5 அல்லது மேல் என்றால் வெளிப்படையான டி.ஐ.சி. கிருமித் தொற்று, பெருங்காயம், பிரசவச் சிக்கல், புற்றுநோய் போன்ற அடிப்படைக் காரணம் ஒன்று இருந்தால் மட்டுமே இந்த மதிப்பெண்ணைப் போட வேண்டும். ஈரல் பழுதடைந்தவரிடம் இதே எண்கள் டி.ஐ.சி. இல்லாமலும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏழாம் படி: எழுதி வைப்பதும் திருத்துவதும்

ஒரு நல்ல பதிவில் அளவுகோலின் பெயரும் பதிப்பும், தரமும், அந்தத் தரத்துக்குக் காரணமான எண்ணும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்: “ஐ.எஸ்.டி.எச். 2005 வரையறைப்படி பெரும் கசிவு, ஹீமோகுளோபின் 12.4-இலிருந்து 9.2-க்கு, 3.2 வீழ்ச்சி, முக்கிய இடம் அன்று, ஒரு யூனிட்.” இப்படி எழுதினால் வேறு அளவுகோலுக்கு மாற்ற நேரும்போதும் யாரும் மீண்டும் கேஸ் ஷீட்டைத் தேட வேண்டியதில்லை.

ஆய்வுகளில் இரண்டு பேர் தனித்தனியாகத் தரப்படுத்துவதும், நோயாளிக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் தரப்படுத்துவதும் மிகவும் நல்லது. புதிய மருந்தின் மேல் நம்பிக்கை வைத்தவர், எல்லைக்கோட்டில் நிற்கும் கசிவைத் தன்னையறியாமல் கீழே தள்ளிவிடுவார். இருவரும் ஒத்துப்போகாதபோது மூத்தவர் சொல்வதை அப்படியே ஏற்காமல், இருவரும் எந்த எண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒருவர் ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபினையும் மற்றவர் பிந்தையதையும் எடுத்திருப்பார்.

சில நாள் கழித்து வரும் ஸ்கேன் அறிக்கையோ பிரேதப் பரிசோதனையோ தரத்தை மாற்றலாம். அப்போது பழைய தரத்தின் மேல் ஒரு கோடு போட்டு, புதியதையும் தேதியையும் மாற்றத்துக்கான காரணத்தையும் எழுதி, கையொப்பமிடுங்கள். மின்பதிவேட்டில் என்றால் பழைய பதிவு வரலாற்றில் தெரிகிறதா என்று திறந்து பார்த்த பிறகே வெளியேறுங்கள்.